சொல்லும் வாயும் கேட்கும் செவியும்

மதுரையில் ஒரு பொற்கொல்லன் அரசனிடம் கதையொன்று சொன்னான். அரசியின் காற்சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் சிறு குடிலில் தங்கியிருக்கிறான் என்பது அக்கதை. சொன்னவனே உண்மைக் கள்வன் என்பதைப் பாண்டியன் அறியான். அறிந்துகொள்ள முயலவும் இல்லை. ஆணை பிறந்தது, கோவலன் உயிர் பிரிந்தது. தன் பக்கத்துக் கதையை அரசன்முன் சொல்ல அவ்வணிகனுக்கு ஒரு கணமும் வாய்க்கவில்லை.

சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விடத்தில் அரசனின் ஆராயாமையைச் சுட்டுவார். ஊழின் வலிமையையும் சுட்டுவார். சுட்ட வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஒரு கதையால் அதைச் சொல்பவனுக்கு ஆகும் ஊதியம் என்ன என்று கேளாதவன் நல்ல கேட்போன் ஆகான் என்பதே அது. இலக்கியம் கற்பதன் பயன்களுள் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவது தலையாயது எனலாம்.

இக்காலத் திறனாய்வாளர் இத்தகைய சொல்வோனுக்கு ஒரு பெயர் இட்டிருக்கின்றனர். 'நம்பத்தகாத கதைசொல்லி' என்பது அப்பெயர். அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இக்கருத்தை வகுத்துரைத்தார். கதையைத் 'நான்' என்று தன்மையில் சொல்பவன் முழுப் பொய்யனாக இருக்க வேண்டியதில்லை. அவனுக்கு அறிவு போதாதிருக்கலாம்; தன்மேல் அன்பு மிகுந்திருக்கலாம்; பழைய குற்றமொன்று அவன் நாவைத் திரிக்கலாம். நூலாசிரியர் அவன் பேச்சில் சிறு சிறு இடைவெளிகளை விட்டு வைக்கிறார். அவ்விடைவெளிகளின் வழியே, அவன் காட்ட விரும்பாததையும் வாசகர் கண்டுகொள்கிறார்.

தமிழுக்கும் தன்மைக் கதை புதிதன்று. 1879இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தன் நாயகனின் வாய்மொழியாகவே நடக்கிறது. அவன் வேடிக்கையாகப் பேசுவான். ஆயினும் வாசகர் அவனை நம்பிப் பின்செல்லலாம். ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1981இல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வேறொரு நிலையை உண்டாக்கியது. ஓர் எழுத்தாளனைப் பற்றிக் குறிப்புகள் திரட்டும் பாலு, தான் போற்றும் மனிதனைக் காட்டுகிறானா, தன் பக்தியைக் காட்டுகிறானா என்று வாசகர் நிறுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆங்கிலம் கற்கும் இளைஞரிடையே அண்மை ஆண்டுகளில் பெரிதும் படிக்கப்படும் ஒரு வகைப் புதினத்தில் இந்தக் கதைசொல்லியே நடுநாயகம். 'டார்க் அகாடமியா' என அவ்வகையை அவர்கள் அழைக்கின்றனர். கல்லால் கட்டிய பழைய கல்லூரி, இலையுதிர் காலம், செத்துப்போன மொழியொன்றின் இலக்கணம், ஊரோடு ஒட்டாத சிறு மாணவர் குழு, அவர்களை மயக்கும் ஓர் ஆசிரியர், இவற்றின் அடியில் ஒரு கொலை. இவை சேர்ந்தால் அவ்வகைப் புதினம் பிறந்துவிடும். இவ்வகைக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்குவது டோனா டார்ட் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 1992இல் வெளியிட்ட 'த சீக்ரெட் ஹிஸ்டரி'. 'இரகசிய வரலாறு' என அதைத் தமிழாக்கலாம்.

கலிபோர்னியாவின் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்த ரிச்சர்ட் என்னும் இளைஞன் வடகிழக்கே உள்ள கல்லூரி ஒன்றுக்கு வருகிறான். ஜூலியன் என்னும் ஆசிரியரிடம் ஐந்து பேர் மட்டும் கிரேக்க மொழி பயில்கின்றனர். அவர்களுடைய நடையும் உடையும் அவனை ஈர்க்கின்றன. தன் பிறப்பைப் பற்றி அழகான பொய்களைப் புனைந்து அக்குழுவில் இடம் பிடிக்கிறான். பழங்கிரேக்கரின் வெறியாட்டு வழிபாட்டை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முயன்ற நால்வர் அந்த மயக்கத்தில் ஓர் உழவனைக் கொன்றுவிடுகின்றனர். அதை அறிந்துகொண்ட ஐந்தாமவனான பன்னி அவர்களை வருத்தத் தொடங்குகிறான். ஆகவே அவனையும் கொல்கின்றனர். ரிச்சர்டும் உடன் நிற்கிறான். பன்னி கொலையுண்டான் என்பது முதற்பக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. கொன்றவர் யார் என்பதைத் தேடும் கதை அன்று அது. எவ்வாறு கொலை வரை சென்றனர் என்பதை விரிக்கும் கதை.

சுங்கை பினாங் வட்டாரத்தில் தமிழாசிரியர் ஒருவர் விடுமுறை நாள்களில் இளைஞர் சிலருக்கு இலக்கியம் சொல்லித் தருகிறார். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவி ஒருத்தி இந்நூலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை நான்கு இரவுகளில் படித்து முடித்தார். கீழே வைக்க முடியாமல்தான் படித்தார். ஆயினும் அடுத்த வாரம் நூலைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி மட்டும் இல்லை.

"பிடிக்கவில்லையா, ஐயா?" என்று மாணவி கேட்டாள்.

"பிடித்தது, அதுதான் இடர்ப்பாடு" என்றார் ஆசிரியர். "பன்னி எப்போது ஒழிவான் என்று நூற்றைம்பது பக்கம் காத்திருந்தேன். கொலைக்கு என்னையும் உடன்படச் செய்துவிட்டான் அந்தக் கதைசொல்லி. பன்னியின் கஞ்சத்தனம், வாய்த்துடுக்கு, பிறரை இழிவு செய்யும் பேச்சு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். ஆனால் முதலில் செத்த உழவனைப் பற்றி என்ன சொன்னான்? அவன் வீட்டில் அழுதவர் யார்?"

மாணவியிடம் விடை இல்லை. அவ்வுழவனுக்குக் கதையில் முகமே இல்லை. கிரேக்கம் தெரியாத, அழகாக உடுத்தத் தெரியாத ஒருவனுடைய சாவு அக்குழுவினருக்கு ஓர் இடையூறு, அவ்வளவே. எத்தனையோ வண்ணங்களை நுணுகிப் பார்த்த ரிச்சர்டின் கண் அவன்மேல் நிலைக்கவில்லை. இந்நூலைப் படித்த ஆசிரியரின் உள்ளம் இரண்டுபட்டதற்குக் காரணம் இதுவே. கல்வியின்மேல் இளைஞர் கொள்ளும் காதலை இவ்வளவு அழகாகச் சொன்ன நூல்கள் சிலவே. அக்காதல் மனிதரை இரு கூறாகப் பிரித்து ஒரு கூற்றைக் கண்ணுக்குத் தெரியாதவர் ஆக்கிவிடுவதை இவ்வளவு கொடுமையாகக் காட்டிய நூல்களும் சிலவே. இரண்டும் ஒரே நூலில், ஒரே வாயிலிருந்து வருகின்றன. நூலாசிரியர் அவ்வாயை நம்பவில்லை என்பது கூர்ந்து படிப்பவருக்குத் தெரியும். கூர்ந்து படியாதவர் அதன் மயக்கத்தோடு போய்விடுவர்.

உடனிருந்த மாணவன் ஒருவன், "அந்தப் பனியும் அந்தக் கல்லூரியும் நமக்கு ஏன், ஐயா? பினாங்கில் இப்படிப்பட்ட கதை நடக்காதா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியே பேச்சைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது.

பினாங்கில் பிறந்த டான் துவான் எங் என்னும் எழுத்தாளர் 2007இல் ஆங்கிலத்தில் ஒரு புதினம் வெளியிட்டார். 'த கிஃப்ட் ஆஃப் ரெயின்' என்பது அதன் பெயர். 'மழையின் வரம்' எனலாம். அவ்வாண்டின் புக்கர் பரிசுக்குரிய நெடும்பட்டியலில் அது இடம்பெற்றது. அதில் கல்லூரி இல்லை, கிரேக்கம் இல்லை. ஆனால் இரகசிய வரலாற்றின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. தனிமையில் வாடும் இளைஞன் ஒருவன், அழகும் ஒழுங்கும் வாய்ந்த கலை ஒன்று, அதைக் கற்பிக்கும் மயக்குமொழி ஆசிரியர், அக்கல்வியின் அடியில் மறைந்திருக்கும் பெருங்குற்றம், பல்லாண்டுகளுக்குப் பின் அதைத் தன் வாயாலேயே சொல்லும் கதைசொல்லி.

பிலிப் ஹட்டன் என்பவன் பினாங்கின் பழைய ஆங்கில வணிகக் குடும்பத்தின் கடைக்குட்டி. தந்தை ஆங்கிலேயர், தாய் சீனப் பெண். இரண்டு இனத்தார்க்கும் அவன் முழு உரிமையன் அல்லன். 1939இல் எண்டோ என்னும் ஜப்பானியர் அவன் வாழ்வில் நுழைகிறார். குடும்பத்துக்குச் சொந்தமான சிறு தீவில் குடியேறும் அவர் பிலிப்புக்குத் தற்காப்புக் கலை கற்பிக்கிறார். மொழியும் தியானமும் கற்பிக்கிறார். நன்றி மிகுந்த மாணவன் ஆசிரியருக்குத் தன் தீவு முழுவதையும் சுற்றிக் காட்டுகிறான். அந்தச் சுற்றுலா எதற்கு உதவிற்று என்பது 1941 டிசம்பரில் தெரியவருகிறது. படையெடுப்பு வந்தபின், குடும்பத்தைக் காக்கும் எண்ணத்தோடு பிலிப் ஜப்பானியர் பணியில் சேர்கிறான். மறைவில் சிலரைக் காப்பாற்றவும் செய்கிறான். காக்க எண்ணிய குடும்பமோ சிதைந்து போகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, எண்டோவை முன்னொரு காலத்தில் நேசித்த மிச்சிகோ என்னும் முதிய ஜப்பானியப் பெண்மணி அவனைத் தேடி வருகிறார். அவரிடம் இரவுதோறும் அவன் சொல்லும் கதையே புதினம்.

பினாங்குக்காரர் ஒருவருக்கு இந்நூல் தரும் இன்பத்தைப் பிறர் முழுதும் பெற இயலாது. பாம்புக் கோயிலின் ஊதுபத்திப் புகையும் பினாங்குக் கொடிமலையின் குளிரும் ஆர்மீனியன் தெருவின் பழைய வீடுகளும் ஏடுகளில் உயிர்பெற்று எழுகின்றன. நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் இடங்கள் இலக்கியத்தில் இடம்பெறுவதைக் காணும் மாணவனுக்குத் தன் ஊரின்மேல் புதியதொரு மதிப்பு உண்டாகிறது. இலக்கியம் என்பது தஞ்சாவூரிலோ இலண்டனிலோ மட்டும் நடப்பது அன்று என்று அவன் உணர்கிறான். இது சிறிய நன்மை அன்று.

ஆயினும் மாணவன் படித்து முடித்துவிட்டுச் சொன்ன முதற்சொல், ஆசிரியரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தது. "மழை வரம் என்று சொல்பவர் நம் ஆற்றங்கரையில் குடியிருந்ததில்லை போலும், ஐயா."

சுங்கை பினாங் என்பது ஓர் ஆற்றின் பெயர். பினாங் என்றால் மலாய் மொழியில் பாக்கு. ஆயர் ஈத்தாம் பக்கத்து மலைநீரை வாங்கிக்கொண்டு, ஜார்ஜ் டவுன் நகரத்தின் ஊடே வளைந்து நீரிணையில் கலக்கும் ஆறு அது. பல்லாண்டுகளாக நகரின் அழுக்கையெல்லாம் சுமந்து வந்தது. அதன் கரையோரத்து வீடுகளுக்கும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்துக்கும் மழை எப்போதும் வரமாக வருவதில்லை. 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கு மாநிலத்தையே முழுக்கிய பெருமழையை அங்கு வாழ்வோர் மறக்கவில்லை. கடற்கரையோர மாளிகையில் இருந்து பார்க்கும் மழை வேறு. தாழ்ந்த நிலத்தில் பள்ளிப் புத்தகங்களைக் கட்டிலின்மேல் தூக்கி வைத்துவிட்டுப் பார்க்கும் மழை வேறு.

மாணவன் வேடிக்கையாகச் சொன்ன சொல் புதினத்தின் நடுநரம்பைத் தொட்டுவிட்டது. மழையின் வரத்தோடு பிறந்தவன் என்று குறிசொல்லி ஒருத்தி பிலிப்பைப் பற்றிச் சொன்னாள். கதையின் இறுதியில் அவன் தன்னையே மழைக்கு ஒப்பிட்டுக்கொள்கிறான். மழையைப் போலவே தானும் பலர் வாழ்வில் துன்பம் கொணர்ந்ததாகவும், மழையைப் போலவே ஆறுதலும் புதுமலர்ச்சியும் அதனால் உண்டானதாகவும் கருதுகிறான். உவமை அழகியது. ஆனால் அந்த உவமைக்குள் ஒரு தப்பும் வழி இருக்கிறது. மழைக்கு விருப்பம் இல்லை, மனிதனுக்கு உண்டு. எங்கே பெய்வது என்று மேகம் தேர்ந்தெடுப்பதில்லை. யாருக்கு வழிகாட்டுவது, யாருக்குப் பணி செய்வது என்று மனிதன் தேர்ந்தெடுக்கிறான்.

பிலிப் பொய்யன் அல்லன். தன் குற்றத்தை அவன் மறைக்கவும் இல்லை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் இரு வகை உண்டு. ஒன்று, 'நான் செய்தேன்' என்பது. மற்றொன்று, 'நான் செய்யுமாறு ஆயிற்று' என்பது. எண்டோவும் தானும் முற்பிறவிகளில் பிணைக்கப்பட்டவர் என்ற எண்ணம் பிலிப்பின் கதை முழுவதும் ஓடுகிறது. எல்லாம் முன்பே விதிக்கப்பட்டது என்றால் தன் பங்கு குறைந்துவிடும் அன்றோ? அவன் கதை சொல்லும் ஆளையும் மறத்தல் ஆகாது. மிச்சிகோ எண்டோவை வெறுப்பவர் அல்லர், நேசித்தவர். அவர் செவிக்கு ஏற்றவாறே அந்த ஆசிரியரின் உருவம் ஒளிபெறுகிறது. எண்டோவின் செயலால் தந்தையை இழந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்து கேட்டிருப்பின் அதே கதை வேறு நடையில் வந்திருக்கும்.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கு ஒப்பிட்டுப் பார்க்கக் கைவசம் ஓர் அளவுகோல் உண்டு. ஊழ்வினை உருத்து வந்து தன் பயனை ஊட்டும் என்பதைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாகவே கொண்ட காப்பியம் சிலப்பதிகாரம். அக்காப்பியத்தில் 'எல்லாம் ஊழ்' என்று சொல்லித் தப்பிக்க வேறெவரையும்விடப் பாண்டியனுக்கே வாய்ப்பு மிகுதி. பொற்கொல்லன் ஏமாற்றினான் என்று பழியை இறக்கி வைக்கவும் அவனுக்கு இடம் இருந்தது. அவன் இரண்டையும் செய்யவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அக்கணமே தன்னைத் தானே குற்றவாளி எனத் தீர்ப்பளித்து உயிர் விட்டான். அவன் நீண்ட கதை எதுவும் சொல்லவில்லை. பிலிப் ஐந்நூறு பக்க அளவுக்குச் சொல்ல வேண்டியிருந்ததைப் பாண்டியன் ஓரிரு சொற்களில் முடித்தான். ஊழை நம்புவதும் பொறுப்பை ஏற்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதைப் பாண்டியன் காட்டுகிறான்.

"அப்படியானால் பிலிப்பும் செத்திருக்க வேண்டுமா, ஐயா?" என்று மாணவி கேட்டாள். கூர்மையான கேள்வி. பாண்டியன் உடனே மாய்ந்ததால் அவன் மனத்தில் நிகழ்ந்தது என்ன என்பது உலகுக்குத் தெரியாது போயிற்று. பிலிப் வாழ்ந்தான், சொன்னான். சாய்ந்த நாவால் சொன்னாலும் சொன்னான் என்பதால்தான் வாசகர் அவனை எடைபோட முடிகிறது. அவனுக்கு நன்றியும் உரியது, ஐயமும் உரியது. ஒன்றை மட்டும் கொடுப்பது எளிது. இரண்டையும் ஒருங்கே கொடுக்கப் பழகுவதுதான் வாசிப்பு.

இனி, பிலிப்பின் கண் நிலைக்காத இடங்களைப் பார்த்தல் வேண்டும். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் நகரின்மேல் குண்டு வீசின. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டு நின்ற மக்களே அதிகமாக மாண்டனர். சில நாள்களில் ஆங்கிலேயர் தம் இனத்தாரை மட்டும் ஓசையின்றிக் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டு அகன்றனர். மற்றவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இச்செய்தி புதினத்திலும் பேசப்படுகிறது. அதன்பின் நடந்ததில் தமிழர் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியரான மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் யாழ்ப்பாணத் தமிழரே கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். ஆங்கிலேயர் போய்விட்டனர், இனிக் குண்டு வீச வேண்டா என்னும் செய்தியை வானொலி வழியே அறிவிக்கச் செய்தார். நகர மக்களுக்கு உணவும் ஒழுங்கும் கிடைக்க அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கினார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் நகருள் புகுந்தனர். அந்நாள்களின் நினைவை அவர் பிற்காலத்தில் ஆங்கில நூலாக எழுதி வைத்தார். அவரும் தன்மையில் கதை சொல்பவரே; அவரையும் ஐயத்தோடு படித்தல் தகும். ஆனால் பிலிப்பின் வாக்கோடு அவர் வாக்கையும் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரே நகரம் இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் பெறுகிறது.

ஹட்டன் குடும்பத்தைப் போன்ற வணிகரின் செல்வம் பெரும்பாலும் ரப்பரிலும் ஈயத்திலும் விளைந்தது. ரப்பர் மரத்தைச் சீவிய கை பெரும்பாலும் தமிழன் கை. புதினத்தில் அவன் பின்னணியில் நிற்கிறான். போர் அவனுக்குச் செய்தது என்ன? சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகுதியானோர் தோட்டத் தமிழர். திரும்பாதவர் பல்லாயிரவர். அவர்களுடைய கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினமாக எழுதினார். அப்போர்க்காலத்துப் பினாங்கைத் தமிழர் கண்ணால் காண விரும்புவோர் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய இரண்டையும் நாட வேண்டும். இளமையில் கடல் கடந்து வந்து போரை நேரில் கண்ட அவர் வட்டிக்கடைப் பெட்டியடியையும் படைவீட்டையும் ஒருங்கே காட்டுகிறார்.

பிலிப் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும் என்று வழக்காடுவது முறையன்று. எந்தக் கதைசொல்லியும் தன் சன்னலிலிருந்துதான் பார்ப்பான். ஒரு மாளிகைச் சிறுவனின் கதைக்குள் தோட்டத் தமிழனின் கதையை வலிந்து நுழைத்தால் இரண்டும் கெடும். குறை புதினத்தில் இருப்பதைவிட, அந்த ஒரு சன்னலையே முழு வானம் என்று கொள்ளும் வாசகரிடம் இருக்கிறது. நம்பத்தகாத கதைசொல்லியை அறிதல் என்பது அவன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பது அன்று. அவன் வாய் திறவாத இடத்தில் நிற்பவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதே அது. ரிச்சர்டின் கதையில் அங்கே நின்றவன் ஓர் உழவன். பொற்கொல்லன் கதையில் நின்றவன் கோவலன்.

கற்பனையை விட்டு வரலாற்றுக்கு வந்தால், அதே போர்க்காலத்தில் பினாங்கில் உண்மையாகவே ஓர் இரகசியக் கல்விக்கூடம் நடந்தது. 1816இல் தோன்றிய பினாங்கு பிரீ ஸ்கூல் வளாகத்தில், 1942இல், இந்திய சுதந்திரச் சங்கத்தின் சார்பில் 'சுவராஜ் இன்ஸ்டிடியூட்' என்னும் நிறுவனம் அமைந்தது. பினாங்கில் வழக்கறிஞராக விளங்கிய என். இராகவன் அதை முன்னின்று நடத்தினார். இந்தியாவுக்குள் மறைவாகச் சென்று விடுதலைப் பணி செய்ய இளைஞர் அங்கே பயிற்சி பெற்றனர். அவர்களிடம் ஆர்வம் இருந்தது; அன்பு இருந்தது; தம்மை அனுப்புவோர்மேல் நம்பிக்கை இருந்தது. ஆனால் அப்பயிற்சிக்குப் பின்னே ஜப்பானியப் படைத்துறையின் கை இருந்தது. அக்கைக்கு இவ்விளைஞர் உயிரினும் தன் போர்த்திட்டமே பெரிது. அந்த ஆண்டு செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றப்பட்ட சிலர் மலபார்க் கரையில் இறங்கிய உடனே பிடிபட்டனர். அவர்களுள் ஒருவரான வக்கம் அப்துல் காதர் வேறு மூவரோடு 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

தம்மைக் கேளாமலே பயிற்சியாளரை ஜப்பானிய அதிகாரிகள் அழைத்துச் சென்றதைக் கண்டித்து இராகவன் அந்நிறுவனத்தையே மூடினார். ஆளும் படையை எதிர்த்து அவ்வாறு செய்வது எளிய செயல் அன்று. மூன்று ஆசிரியரை இங்கே அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கலாம். ஜூலியன் தன் மாணவர் செய்த கொலையை அறிந்ததும் அவர்களைக் கைவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறார். எண்டோ மாணவனை நேசித்துக்கொண்டே பயன்படுத்திக்கொள்கிறார். இராகவன் மாணவர் பயன்படுத்தப்படுவதைக் கண்டு கதவை மூடுகிறார். முதலிருவரும் கற்பனை, மூன்றாமவர் வரலாறு. முதலிருவரைப் பற்றி உலகெங்கும் படிக்கின்றனர். மூன்றாமவரைப் பற்றிப் பினாங்கு மாணவரிலும் அறிந்தவர் சிலரே.

இம்மூவரும் எழுப்பும் கேள்வி தமிழாசிரியரை நேராகத் தாக்குகிறது. குருவைத் தெய்வத்துக்கு அடுத்த நிலையில் வைத்த மரபு தமிழ் மரபு. மாணவன் ஆசிரியரை நிழல்போல் தொடர்ந்து, தீயருகே குளிர்காய்பவன்போல் அணுகாதும் அகலாதும் நிற்க வேண்டும் என்று நன்னூல் கூறும். ரிச்சர்டும் பிலிப்பும் அவ்வாறே நின்றனர், கெட்டனர். அப்படியானால் அம்மரபு பிழையா? நன்னூலை முழுதும் படித்தவர் அவ்வாறு சொல்லார். பாடத்தைக் கேட்பதோடு அமையாது, ஐயுற்றதை வினவுதலையும் வினவியதற்கு விடை கூறுதலையும் பவணந்தியார் கற்றலின் பகுதியாகவே வைத்தார். மாணாக்கரை வகைப்படுத்தும்போது, பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னத்தைத் தலைமாணாக்கனுக்கும், கற்பித்ததையே திருப்பிச் சொல்லும் கிளியை இடைமாணாக்கனுக்கும் உவமை சொன்னார். பணிவுள்ள கிளியைவிட வினவும் அன்னமே அவருக்கு உயர்ந்தது.

தமிழ்ப்பள்ளிகளில் நல்ல கிளிகளை உருவாக்குவது எளிது. தேர்வும் அதையே பெரும்பாலும் கேட்கிறது. பாத்திரப் பண்பு நான்கு, படிப்பினை மூன்று என்று எழுதி மனப்பாடம் செய்த மாணவனுக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். அவ்வாறு பயின்றவன் நாளை ஒரு பொற்கொல்லன் வந்து கதை சொன்னால் என்ன செய்வான்? இனத்தின் பெயரால், மொழியின் பெயரால், சமயத்தின் பெயரால் இனிக்க இனிக்கப் பேசும் வாய்கள் எந்தக் காலத்திலும் உண்டு. கைப்பேசிக்குள்ளிருந்து பேசும் வாய்கள் இன்று மிகுதி. 'இவனுக்கு இதனால் ஆவது என்ன? இவன் யாரைப் பற்றிப் பேசாமல் விட்டான்?' என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகாத செவி யாருக்கும் இரையாகும். வகுப்பறையில் கதை சொல்லும் ஆசிரியரும் ஒரு கதைசொல்லியே. அவர் சொல்லாமல் விட்டதைக் கேட்க மாணவனுக்கு அச்சம் இருக்குமாயின், அங்கே பாடம் நடக்கலாம், கல்வி நடவாது.

ஆகவே இவ்விரு புதினங்களையும் இளைஞர் கையில் கொடுக்கலாமா என்னும் ஐயத்துக்குச் சுங்கை பினாங் ஆசிரியரின் செயலே விடை. இரகசிய வரலாற்றில் மதுவும் கொலையும் தற்கொலையும் உண்டு. முதிராத வயதினர்க்கு அது உரியது அன்று. பல்கலைக்கழக வாயிலை எட்டியவர்க்குக் கொடுக்கலாம். தனியே விடாமல் உடனிருந்து படிக்கலாம். டான் துவான் எங்கின் புதினத்தோடு சிங்காரத்தையும் சண்முகத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு சன்னல் நான்கு சன்னல் ஆகும். அவ்வாறு படித்த மாணவி, அடுத்த கூட்டத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். அமெரிக்கக் காட்டில் கொலையுண்ட உழவனின் வீட்டார் வாய்மொழியாக அமைந்திருந்தது அது. இரண்டு பக்கமே இருக்கும். சொற்பிழைகள் சில இருந்தன; ஒற்றுப்பிழைகள் பல இருந்தன.

ஆசிரியர் சிவப்பு மையை எடுத்து அப்பிழைகளைத் திருத்தினார். பின்னர், "இவர்களையும் அப்படியே நம்பிவிடலாமா, அம்மா?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.